போதிகை: பூவா, பொதியா?

வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள், யாளியையும் குதிரை வீரரையும் வியந்து முடித்ததும் தூணின் தலைக்குப் போகிறார்கள். அங்கிருந்து கை நீட்டிக் கவிழ்ந்திருக்கும் தாமரை மொட்டைக் காட்டி, ‘போது என்றால் மொட்டு, மொட்டுத் தொங்குவதால் இதற்குப் போதிகை என்று பெயர்’ என்று சொல்லிவிட்டு அடுத்த தூணுக்கு நகர்கிறார்கள். கண்ணெதிரே மொட்டு, காதில் போது. இதற்குமேல் சான்று எதற்கு என்று கேட்பவருக்கும் தோன்றிவிடுகிறது. ஆனால் அந்த மொட்டின் வயதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். கோயில் கி.பி. 16ஆம் நூற்றாண்டினது, சின்ன பொம்மி நாயக்கன் வேலூரை ஆண்ட காலத்தது. மொட்டு கவிழ்ந்த போதிகை விஜயநகரக் கட்டடங்களில்தான் முழு உருவம் பெற்றுப் பரவியது. போதிகை என்னும் சொல்லோ மணிமேகலையில் இருக்கிறது. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய காதையில், சோழ வேந்தனின் மண்டபத்துக்குப் பவளக் கால்களும் அவற்றின்மேல் பல மணி பதித்த போதிகைகளும் சாத்தனார் கொடுத்திருக்கிறார். அங்கே மணி உண்டு, முத்துமாலை உண்டு. போதிகை பூவாக வரவில்லை. மணிமேகலையின் காலத்தை எவ்வளவு பின்னுக்குத் தள்ளுகிறவரும் விஜயநகரத்துக்குப் பல நூற்றாண்டு முன்னேதான் நிறுத்தியாக வேண்டும். பெயர் பிறந்து பல நூறு ஆண்டு கழித்து வந்த மொட்டு, அந்தப் பெயருக்குக் காரணமாக முடியாது.

காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டுமானால், போதிகை என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்குவதே முறை. இரண்டு தூண்மேல் கிடக்கும் கல் உத்திரம் தன் எடையாலும் மேலுள்ள பாவுகல்லின் எடையாலும் நடுவில் தொய்யப் பார்க்கும். ஆம்பூரில் ஷூவின் அடிக்கு வெட்டும் தடித்த தோலை வளைத்தால் வெளிப்பக்கம் இழுபட்டு விரியும், உட்பக்கம் நெரிந்து சுருங்கும். உத்திரத்தினுள்ளும் நடப்பது அதுவே. மேல்பாதி அமுங்குகிறது, கீழ்ப்பாதி இழுபடுகிறது, இடையில் இரண்டுமற்ற ஓர் அடுக்கு இருக்கிறது. கருங்கல்லுக்கு அமுக்கம் ஒரு பொருட்டே அல்ல. இழுவிசையை அது தாங்குவதோ ஏறத்தாழ அமுக்கத்தில் தாங்குவதன் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே கல் உத்திரம் விரிசல் விடுவது நடு இடத்தில், அடிப்பக்கத்தில். பாரம் நீளம் முழுதும் சீராகப் பரவியிருந்தால், அந்த இடத்து வளைவுத் திருப்புத்திறன், அதாவது கல்லை வளைக்கப் பார்க்கும் விளைவு, இடைவெளியின் இருமடிக்கு ஏற்ப ஏறும்: ஓரடிப் பாரத்தை இடைவெளியின் இருமடியால் பெருக்கி 8ஆல் வகுத்தது. இந்த இருமடியில்தான் போதிகையின் பயன் முழுதும் அடங்கியிருக்கிறது. தூணுக்குத் தூண் 10 அடி என்று கொள்வோம். இருபுறமும் போதிகை ஒன்றரை அடி கை நீட்டினால் உத்திரம் கடக்க வேண்டியது 7 அடி. இடைவெளியில் குறைந்தது பத்தில் மூன்று. திருப்புத்திறனோ 100க்கு 49 ஆகிவிடும், பாதிக்கும் கீழே. உத்திரத்தை இன்னும் தடிமனாக வைத்தால் போதாதா என்று கேட்கலாம். ஆழத்தை இரட்டித்தால் வெளியிலிருந்து வரும் பாரத்தால் எழும் தகைவு, அதாவது பரப்பலகுக்கு விழும் விசை, நான்கில் ஒன்றாகும், மெய்தான். ஆனால் கல்லின் எடையும் இரட்டிக்கும். தன் எடையால் எழும் தகைவு பாதிக்குத்தான் குறையும். அந்தக் கூடுதல் எடையைத் தூக்கி ஏற்றவும் வேண்டும், தூண் சுமக்கவும் வேண்டும். போதிகை ஒரு சிறு கல்லால் அதே பயனைத் தருகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. உத்திரத்திலிருந்து குறைந்த பாரம் எங்கும் மறைந்துவிடுவதில்லை, போதிகையின் கைக்கு மாறுகிறது என்பார்கள். உண்மை, போதிகை பாரம் தாங்கும் உறுப்பு என்னும் என் கட்சிக்கு வலுச் சேர்ப்பதும் அதுவே. உத்திரம் இம்மியளவு தொய்ந்தாலும் அதன் அழுத்தம் கையின் நுனியை நோக்கி நகரும். நுனியில் பாரம் ஏறிய கைக்கு மேற்பக்கம் இழுபடும், கீழ்ப்பக்கம் அமுங்கும். நுனியில் திருப்புத்திறன் இல்லை, தூணை நெருங்க நெருங்க அது ஏறிக்கொண்டே வந்து வேரில் உச்சம் பெறும். எனவே கை வேரில் ஆழமாகவும் நுனியில் மெலிந்தும் இருக்க வேண்டும். கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில், நுனிப்பாரம் ஏறும் கைமரத்தின் அடிப்பக்கத்தைப் பரவளையமாகச் செதுக்கினால் எங்கும் ஒரே வலிமை நிற்கும், மரத்தில் மூன்றில் ஒரு பங்கும் மிஞ்சும் என்று காட்டினார். முறிவு கட்டையின் கீழ்விளிம்பைச் சுற்றி நிகழ்கிறது என்று அவர் கொண்டது பிழை. அமுங்காமலும் இழுபடாமலும் நிற்கும் நடு அடுக்கைச் சரியான இடத்தில் வைத்து நவியே என்னும் பொறியாளர் முறைப்படுத்தியது 1826இல். ஆனால் வடிவத்தைப் பற்றிய கலிலியோவின் முடிவு பிழையற்றது. அவருக்கு ஓராயிரம் ஆண்டு முன்னே பல்லவக் குடைவரைகளின் போதிகை அப்படித்தான் இருக்கிறது: வேரில் கனத்து, நுனி நோக்கி வளைந்து மெலிந்து, பலவற்றில் அலை அலையான வரிகளோடு. தரங்கப் போதிகை என்பது அது. சோழர் காலத்தில் வளைவு போய்ச் சாய்வெட்டு வந்தது. வேரின் ஆழம் போகவில்லை. குடைவரைப் போதிகை எந்த உத்திரத்தையும் தாங்கவில்லையே, மலையே ஒரே கல்லாயிற்றே என்றால், ஆம், அது மரவேலையின் படி. செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் இக்கோயிலை எடுத்தேன் என்று மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் பொறித்தானென்றால், அதற்கு முந்திய கோயில்கள் அவற்றால் ஆனவை என்பது வெளிப்படை. போதிகை தச்சனின் சொல். கல்தச்சன் அதை மரத்தச்சனிடமிருந்து பெற்றான். இனி வேலூர் மொட்டைப் பார்க்க வேண்டும். நுனியில், திருப்புத்திறன் இல்லாத இடத்தில், ஒரு கனத்த மொட்டைக் கவிழ்த்துத் தொங்கவிட்டால் தாங்கும் திறன் ஏறாது. மொட்டின் எடை வேரில் இன்னும் கொஞ்சம் தகைவைக் கூட்டும், அவ்வளவே. மொட்டு அழகு. அதைச் செதுக்கிய கை தமிழ்நாட்டின் தலைசிறந்த கைகளுள் ஒன்று. ஆனால் பாரத்தின் கணக்கில் அதற்கு இடமில்லை. முதலில் இருந்த போதிகை முழுக்க முழுக்கப் பாரத்தின் கணக்கு.

பாரத்துக்குத் தமிழில் பழஞ்சொல் பொதி. பொதிமாடு, பொதிகழுதை, உப்புப்பொதி என்பவற்றில் இன்றும் அச்சொல் உயிரோடிருக்கிறது. பாரம் ஏற்கும் உறுப்பைப் பாரத்தின் பெயராலே அழைப்பது தமிழன் வழக்கம் என்பதற்குச் சுமைதாங்கியைவிட நல்ல சான்று தேவையில்லை. வழிநடையில் தலைச்சுமையை இறக்கி வைக்க இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒரு கல்லைக் கிடத்தினார்கள். இரு தூணும் ஓர் உத்திரமும் மட்டுமே கொண்ட கட்டடம் அது. அதற்கு வடிவத்தால் பெயர் வரவில்லை, சுமையால் வந்தது. பொதியைத் தாங்குவது போதிகை என்று நான் கொள்வதும் இந்த வழக்கத்தை ஒட்டியே. கை என்பது இங்கே செய்கை, வருகை, இருக்கை என்பவற்றில் உள்ள தொழிற்பெயர் விகுதி. கூரையில் கைமரம் இருக்கிறது, தூணுக்குக் கால் என்று பெயர், ஆகவே இதுவும் உடம்பின் கைதான் என்று சொல்லத் தோன்றும். அது வேண்டாத வேலை. பொதிக்குக் குறில், போதிகைக்கு நெடில், இது எப்படிப் பொருந்தும் என்பதுதான் உண்மையான தடை. கெடு கேடாகிறது, படு பாடாகிறது, பெறு பேறாகிறது, சுடு சூடாகிறது. முதனிலை நீள்வது தமிழ் இலக்கணம் கற்ற சிறுவனுக்கும் தெரிந்தது. பொதி, பொதும்பர், பொதுளுதல் ஆகியவற்றுக்கெல்லாம் அடியாக நெருக்கம், செறிவு, உள்ளடக்கம் என்னும் கருத்தோடு ஒரு பொது- நிற்கிறது. அது நீண்டால் போது. இதழெல்லாம் நெருங்கிப் பொதிந்திருப்பதால் மொட்டுக்குப் போது என்று பெயர். பொதி அவிழ்தல் என்று பூ மலர்வதைச் சங்கப் புலவர்கள் சொன்னதும் அதனால்தான். ஆகவே போதும் போதிகையும் ஒரு வேரின் இரு கிளைகள், ஒன்று மற்றொன்றின் தாயன்று. மொட்டுக்காரர்கள் உறவைச் சரியாகக் கண்டார்கள், முறையைத் தவறாகச் சொன்னார்கள். பொதியில் என்னும் ஊர்மன்றத்தையும் பொதிகை மலையையும் இதனோடு முடிச்சுப் போடுவோரும் உண்டு. பட்டினப்பாலையின் பொதியிலில் கந்து என்னும் தூண் நிற்கிறதே என்பார்கள். அது பொது இல். எல்லார்க்கும் உரிய இடம் என்பதற்குமேல் அச்சொல்லிடம் எதையும் கேட்கக் கூடாது.

மற்றக் கட்சிகளுக்கு அதிக இடம் தேவையில்லை. மணிமேகலை பௌத்த நூல், ஆகையால் போதிகை போதி மரத்திலிருந்து வந்தது என்பது ஒரு கட்சி. சொல் வருமிடம் பௌத்தப் பள்ளியல்ல, அரசனின் மண்டபம். இத்தோடு இதை விட்டுவிடலாம். சற்று வலுவானது வடமொழிக் கட்சி. அதே காதையில் மகதத்து வினைஞரும் மராட்டத்துக் கம்மரும் அவந்திக் கொல்லரும் யவனத் தச்சரும் வருகிறார்களே, சொல்லும் அவர்களோடு வந்திருக்காதா என்று கேட்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து உழைத்த தமிழ் வினைஞரையும் சாத்தனார் அதே இடத்தில்தான் சொல்கிறார். சிற்பநூல்களைப் பார்த்தால், மயமதம் இச்சொல்லை வல்லோசைப் பகரமும் தகரமும் இட்டு எழுதுகிறது. மானசாரம் மெல்லொலி கொண்ட பகரமும் மூச்சொலி கொண்ட தகரமும் இட்டு எழுதுகிறது. வடமொழியில் இந்த ஒலிகள் வேறு வேறு எழுத்துகள். தமிழில் ஒரே எழுத்து. ஒரு சொல் வடமொழி நூல்களில் இப்படி இரண்டு விதமாகத் தடுமாறுமானால், அது தச்சனின் வாயிலிருந்து கேட்டு எழுதப்பட்டது என்பதே பொருத்தம். இதைச் சொல்வதால் கட்டடச் சொல் எல்லாம் தமிழ் என்று வாதிடுவதாக நினைக்க வேண்டாம். உத்திரம் வடசொல், மேலே கிடப்பது என்னும் பொருளுடைய உத்தரத்திலிருந்து வந்தது. நெடுநல்வாடையிலேயே அது புகுந்துவிட்டது: நாள்மீனின் பெயர் கொண்ட மரம் என்று நக்கீரர் விடுகதை போலச் சொல்ல, உத்திரம் என்று நச்சினார்க்கினியர் அவிழ்த்தார். வளை மட்டும் நம்முடையது. முகட்டு வளை என்று வீட்டின் உச்சி மரத்துக்குப் பெயர் வைத்தவர்கள், மரம் வளைவதைத்தான் அதன் முதல் குணமாகக் கண்டிருக்கிறார்கள். வளைவுத் தகைவு என்று இன்று பாடநூலில் படிக்கும் மாணவன் அந்தப் பழைய சொல்லைத்தான் படிக்கிறான். நெடுநல்வாடையின் அதே இடத்தில் மொட்டுக்கட்சிக்கும் ஒரு பிடி கிடைக்கிறது. அந்த மரத்தை ஒட்டி, அவிழும் குவளைப் போதும் பெண்யானைகளும் செதுக்கியிருக்கின்றன. சங்க காலத்திலேயே உத்திரத்தருகே போது வந்துவிட்டதே என்று இதை உயர்த்திப் பிடிக்கலாம். ஆனால் அது வாயில்நிலை, தூணின் தலையன்று. அங்கே செதுக்கியது குவளை; போதிகையில் தொங்குவது தாமரை. போது என்று சொல்லத் தெரிந்த புலவர் போதிகை என்று சொல்லவும் இல்லை.

அப்படியானால் மொட்டு எங்கிருந்து வந்தது? சொல்லிலிருந்துதான் வந்தது. பொதி என்னும் வேர் தச்சர் நினைவிலிருந்து நழுவிய பிறகு, போதிகை என்ற ஒலியில் போது மட்டுமே கேட்டது. கேட்டதைச் சிற்பி கல்லில் வடித்தான். ஒலி பொருளை உண்டாக்கும் இந்த நிகழ்ச்சிக்கு வேலூர்க் கோயில் இறைவனின் பெயரே சாட்சி. 1566ஆம் ஆண்டுக் கல்வெட்டில் அவர் ஜ்வரகண்டேஸ்வரர், சுரத்தைத் துணிப்பவர். கோயிலோ அகழி சூழ்ந்த கோட்டைக்குள் இருக்கிறது. ஜ்வரம் ஜலமாயிற்று, நீர் நடுவே புற்றும் இலிங்கமும் இருந்த கதையும் அதனோடு சேர்ந்தது. இன்று ஜலகண்டேஸ்வரர் என்பதற்கு நீரைத்தான் எல்லாரும் காரணம் காட்டுகிறார்கள். சொல் நிற்க, பொருள் கழன்று போவதற்கும் இந்தப் பாலாற்றுக் கரையிலேயே சான்று உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு டேனரிகளில் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பிட்டு, மயிரும் சவ்வும் நீக்கும் பகுதிக்குப் பீம் ஹவுஸ் என்று பெயர். பீம் என்பது அங்கே கூரை உத்திரமன்று. தோலை மேலே விரித்துக் கத்தியால் வழிக்கச் சாய்த்து வைத்த வளைந்த மரக்கட்டை. அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பழம்பொருளே மரம். இன்று வேலை உருளைகளிலும் எந்திரங்களிலும் நடக்கிறது, பெயர் போகவில்லை. ஒரு பெயரைக் கண்முன் நிற்கும் பொருளின் உருவத்தைக் கொண்டு விளக்கலாகாது என்பதற்கு இந்த இரண்டும் போதும். இவற்றைவிட நேரான சான்று சிற்பிகளின் வாயிலேயே இருக்கிறது. மொட்டுக் கவிழ்ந்த வடிவத்தை அவர்கள் வெறும் போதிகை என்று சொல்வதில்லை. பூமுனைப் போதிகை, புஷ்பப் போதிகை என்று அடைகொடுத்தே சொல்கிறார்கள். போதிகை என்பதே மொட்டானால் அதன்முன் பூ எதற்கு? வெட்டுப் போதிகை, தரங்கப் போதிகை என்று அலைக்கும் வெட்டுக்கும் அச்சொல் இடங்கொடுத்தது எப்படி? மூன்றுக்கும் பொதுவாக எஞ்சுவது ஒன்றே: உத்திரத்தின் பாரத்தை வாங்கித் தூணுக்குத் தருவது. அகராதிகளில் போதிகைக்கு எதிரே நிற்கும் வடமொழி மூலக்குறிப்பை எடுத்துவிட்டு, பொதி என்னும் அடியின்கீழ் அச்சொல்லைச் சேர்க்க வேண்டும் என்பது என் துணிபு.