கண்மாய் நீரும் காய்ச்சலின் வரலாறும்

மதுரைச் சுற்றுவட்டாரக் கண்மாய்களுக்கு எழுதப்பட்ட வரலாறு உண்டு: மடை, கலுங்கு, ஆயக்கட்டு, மீன்பாசிக் குத்தகை. கட்லாவும் ரோகுவும் குஞ்சாக விட்டு வளர்த்து, நீர் வற்றும்போது இடுப்பளவு சகதியில் நின்று வலை இழுக்கும் கூலியாளின் உடல் அந்த எழுத்துக்குள் வருவதில்லை. ஏலத்தொகைக்குக் கணக்கு இருக்கிறது. அவர் காலில் பட்ட வெட்டுக்காயத்துக்கு இல்லை.

இப்பகுதியின் தேங்கிய நீர் மருத்துவப் பதிவுக்குள் நுழைந்தது கண் வழியாக. 1993 இறுதியில் பெருவெள்ளம். 1994இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண் சிவந்து, பார்வை மங்கிப் பலர் வந்தார்கள். அது எலிக்காய்ச்சலின் பின்விளைவான கண் உள்ளழற்சி என்று, 73 நோயாளிகளை ஆராய்ந்த கட்டுரை 1997இல் வெளியாயிற்று. எலி, மாடு இவற்றின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து தோலின் கீறல் வழியே ஏறுகிற கிருமி இது. காய்ச்சல் வந்து போய் வாரங்கள், மாதங்கள் கழித்துக்கூடக் கண்ணைப் பிடிக்கும். கண் கெட்ட பிறகுதான் காய்ச்சலுக்குப் பெயர் கிடைத்தது.

அதற்கு முன் அதன் பெயர் ‘சும்மா காச்சல்’. ‘ஒரு ஊசி போட்டா சரியாப் போயிரும்.’ இந்தப் பேச்சை அறியாமை என்று ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. படுத்தால் அன்றைய கூலி போச்சு என்கிற வாழ்வு காய்ச்சலைச் சிறியதாக்கித்தான் ஆகவேண்டும். நோயாளியிடம் ‘என்ன வேலை பாக்குற?’ என்று கேட்கச் சொல்லி இத்தாலிய மருத்துவர் ரமாஸினி 1700இலேயே எழுதினார். நம் புறநோயாளி வரிசையில் அந்தக் கேள்விக்கு நேரமில்லை.

சட்டத்தின் பார்வையும் இப்படித்தான். 1948இன் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் ஆலையிலிருந்து தொடங்கியது, கண்மாய் ஆலையல்ல. மக்கள் பங்கேற்புள்ள ஆரம்ப சுகாதாரத்தை அல்மா அட்டா மாநாடு 1978இல் அறிவித்தது. 2021இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் தேடி வீட்டு வாசலுக்கு வந்தது. நல்லதுதான். ஆனால் வேலை தருகிற நோயை வேலையிடத்தில் தேட வேண்டும்.

சமூகம்சார் மருத்துவம் என்று நான் சொல்வது பெரிய கட்டடத்தை அல்ல. எந்தக் கண்மாயில் இறங்கியவருக்கு எத்தனை நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது என்று தொழிலாளர்களே எழுதிவைக்கும் ஒரு நோட்டு. அதைப் படித்து, தாமதமின்றி டாக்சிசைக்ளின் தர ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு மருத்துவர். காயத்தோடு நீரில் இறங்க மறுப்பவருக்கும் அன்றைய கூலி. இதற்கான பணம் எங்கே என்று கேட்பார்கள். மீன்பாசி ஏலத்தொகையில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கு என்று கிராமசபையில் கேட்கலாம். தானமாக அல்ல, உரிமையாக.