அயர்லாந்தின் உருளைக்கிழங்குக் குழிகள்

உருளைக்கிழங்குக் குழி என்பது, தோண்டியெடுத்த கிழங்கைக் குளிர்காலம் முழுவதும் வயலிலேயே மண்ணால் மூடிச் சேமிக்கும் முறையாகும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அயர்லாந்தின் ஏழை உழவர்களுக்கு இதுவே களஞ்சியம். 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு 80 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இருந்தனர். அவர்களில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் உருளைக்கிழங்கையே முதன்மை உணவாக நம்பியிருந்தனர். உழைக்கும் ஆண் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிலோ அளவுக்கு உண்டார். ஓரறைக் குடிசையில் ஒரு குடும்பத்தின் கிழங்கை வைக்க இடம் ஏது?

பெயர்தான் குழி, ஆழமாகத் தோண்டுவதில்லை. நீர் தேங்காத மேட்டுநிலத்தில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் கிழங்கைக் கூரைமுகடு போல நீளவாட்டில் குவிப்பர். குவியலை வைக்கோலாலோ கோரையாலோ போர்த்தி, சுற்றிலும் மண்ணை வெட்டி மேலே அப்புவர். மண் வெட்டிய பள்ளமே மழைநீர் வடியும் வாய்க்காலாகிவிடும். கரிமூட்டம் பார்த்தவர்களுக்கு இந்தத் தோற்றம் எளிதில் பிடிபடும். கிழங்கு உயிருள்ள பொருள். அது மூச்சுவிடும்போது வெப்பமும் ஈரமும் வெளிப்படும். அவை வெளியேற முகட்டில் வைக்கோல் கற்றைகளைச் செருகி வைப்பதும் உண்டு. மண்போர்வை உறைபனியைத் தடுக்கும். வெளிச்சத்தையும் தடுப்பதால் கிழங்கு பச்சை நிறமாகி நஞ்சேறாது.

நெல்லைக் குதிரில் ஆண்டு கடந்தும் வைக்கலாம்; உருளைக்கிழங்கை அப்படி வைக்க முடியாது. வெயில் ஏறியதும் முளைவிட்டுச் சுருங்கிவிடும். அதனால் நல்ல விளைச்சல் கண்ட ஆண்டிலும், புதுக்கிழங்கு வரும்வரையுள்ள கோடை வாரங்களில் ஏழைகள் ஓட்ஸ் மாவைக் கடனுக்கு வாங்கினர், அல்லது அரைவயிற்றோடு இருந்தனர். அக்காலம் ‘மாவு மாதங்கள்’ எனப்பட்டது.

1845 இலையுதிர்காலத்தில் கருகல் நோய் அயர்லாந்தை அடைந்தது. தோண்டும்போது நலமாகத் தெரிந்த கிழங்கைக்கூட, குழியைத் திறந்தபோது நாற்றமடிக்கும் கூழாகக் கண்டனர். பிரதமர் இராபர்ட் பீல், ஜான் லிண்ட்லி, லயன் பிளேஃபேர், இராபர்ட் கேன் ஆகிய அறிஞர்களைக் கொண்ட குழுவை அமைத்தார். கிழங்கை உலர்த்துங்கள், தரம் பிரியுங்கள், காற்றோட்டமுள்ள குழியில் வையுங்கள் என்பது அவர்கள் கூறிய வழி. இந்த அறிவுரை 70,000 படிகள் அச்சிட்டு வழங்கப்பட்டும் பயனில்லை. அவர்களை அறிவிலிகள் என்று தள்ளிவிட முடியாது. ஈரமே அழுகலுக்குக் காரணம் என்று பலர் நம்பிய காலம் அது. சாதாரண அழுகலுக்கு அந்த அறிவுரை பொருத்தமானதுதான். ஆனால் இங்கே நோய் குழிக்குள் தோன்றவில்லை. இலையிலிருந்து மழைநீரோடு மண்ணில் இறங்கி, தோண்டுவதற்கு முன்பே கிழங்கைப் பற்றியிருந்தது. குழியின் நெருக்கத்தில் அழுகல் பக்கத்துக் கிழங்குகளுக்கும் பரவியது.

இதைவிடக் கொடியது மற்றொன்று. கிழங்கைப் பனியிலிருந்து காத்த அதே மண்போர்வை, முற்றிலும் அழுகாத கிழங்குக்குள் இருந்த நோய்க்கிருமியையும் காத்தது. குழியிலிருந்துதான் விதைக்கிழங்கும் வரவேண்டும். 1846 வசந்தத்தில் அது வயலுக்குப் போனது. அவ்வாண்டு விளைச்சல் ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. பசியில் பலர் விதையையும் தின்றுவிட்டதால் 1847இல் நோய் தணிந்திருந்தும் நடுவதற்குக் கிழங்கு இல்லை. பஞ்சத்திலும் அதையொட்டிய காய்ச்சல்களிலும் சுமார் 10 இலட்சம் பேர் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு வெளியேறினர். ஏற்றுமதியான தானியமும் அரசின் கொள்கையும் இதில் வகித்த பங்கு தனியே பேசத்தக்கது.

நோய்க்குக் காரணம் பூஞ்சையே என்று 1846இல் மைல்ஸ் பெர்க்லி எழுதினார், ஏற்றவர் சிலரே. ஜெர்மானியத் தாவரவியலாளர் அன்டோன் டி பாரி 1861இல் அதை ஆய்வால் மெய்ப்பித்தார். 1876இல் அக்கிருமிக்கு ஃபைட்டோஃப்தோரா என்னும் பேரினப் பெயரையும் இட்டார். அது உண்மையில் பூஞ்சையை ஒத்த வேறோர் உயிரினம் என்பது பின்னர் தெளிவாயிற்று.

குழிகள் அதோடு மறையவில்லை. குளிர்பதனக் கிடங்குகள் பெருகும்வரை, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் அயர்லாந்து, பிரிட்டன் வயல்களில் அவை இருந்தன. இன்று அந்நாடுகளில் கழித்துப்போட்ட கிழங்குக் குவியலைக் கருப்பு நெகிழித் தாளால் மூடி வைக்கின்றனர். முளைத்தெழும் நோயுற்ற கிழங்கிலிருந்து கருகல் மீண்டும் வயலுக்குப் போகாமல் இருப்பதற்காக.