"ஃபயர்வாலை ஆஃப் பண்ணிடு மச்சி"

ஆன்லைன் கேம்ல லாபிக்குள்ள போக முடியலை, நடுவுல கட் ஆகுது, லேக் அடிக்குதுன்னு யார்கிட்ட கேட்டாலும் முதல்ல வர்ற பதில் ஒண்ணுதான்: "ஃபயர்வாலை ஆஃப் பண்ணிடு மச்சி." இந்த அறிவுரையை நானும் வாங்கியிருக்கேன், நாலு பேருக்கு அள்ளியும் விட்டிருக்கேன்.

2016 லீவுல, இன்ஜினியரிங் படிச்சிட்டு இருந்தப்போ, எங்க வீட்டு டெஸ்க்டாப்ல அஞ்சு நண்பர்களுக்காக ஒரு மைன்கிராஃப்ட் சர்வர் போட்டேன். என்னால விளையாட முடிஞ்சது, வெளியிலிருந்து ஒருத்தனாலும் உள்ளே வர முடியலை. ஒரு வீடியோ பார்த்து விண்டோஸ் ஃபயர்வாலை அணைச்சேன். அதுவும் போதாதுன்னு ரவுட்டர்ல டிஎம்இசட்னு ஒரு ஆப்ஷனை ஆன் பண்ணேன். வெளியிலிருந்து எது வந்தாலும், கேள்வியே கேட்காம, 192.168.1.5-க்கு அனுப்பிடுன்னு அர்த்தம். அது என் டெஸ்க்டாப்போட முகவரி. ரெண்டு நிமிஷத்துல அஞ்சு பேரும் உள்ளே வந்துட்டாங்க. லீவு முடிஞ்சு ஹாஸ்டலுக்குப் போனப்போ அதை ஆஃப் பண்ண மறந்துட்டேன். அதனால என்ன ஆச்சுன்னு அப்புறம் சொல்றேன்.

இந்த எபிசோட்ல நான் தேடிப் போனது ஒரே ஒரு கேள்விக்குத்தான்: இந்த அறிவுரை எங்கேர்ந்து வந்தது? ஏன்னா இது முட்டாள்தனமா பிறந்தது இல்லை. ஒரு காலத்துல அதுக்குக் காரணம் இருந்தது. காரணம் போயிடுச்சு, அறிவுரை மட்டும் தங்கிடுச்சு.

முதல்ல ஃபயர்வால். 1988 நவம்பர் 2-ஆம் தேதி ராபர்ட் மோரிஸ்ங்கிற கார்னெல் பல்கலைக்கழக மாணவர் எழுதிய ஒரு வோர்ம் இன்டர்நெட்ல பரவுச்சு. சுமார் 6,000 கம்ப்யூட்டர்களைப் பாதிச்சதா ஒரு மதிப்பீடு. அன்னிக்கு இருந்த இன்டர்நெட்ல அது பெரிய பங்கு. அதுவரை ஒருத்தரை ஒருத்தர் நம்பி ஓடிட்டு இருந்த நெட்வொர்க் அது. அதுக்கப்புறம் ஒவ்வொரு நிறுவனமும் தன் வாசல்ல ஒரு காவலாளியைப் போட ஆரம்பிச்சது.

ஆரம்பகாலக் காவலாளிக்கு ஞாபகசக்தி கிடையாது. கையில ஒரு பட்டியல். இந்த முகவரி, இந்த போர்ட் எண்ணுன்னா விடு, இல்லைன்னா விடாதே. 1990-கள்ல ஞாபகசக்தி உள்ள ஃபயர்வால் வந்தது. 1994-ல செக் பாயின்ட் கம்பெனி வெளியிட்ட ஃபயர்வால்-1 அதைப் பிரபலமாக்குச்சு. நம்ம அபார்ட்மென்ட் செக்யூரிட்டி மாதிரிதான். டெலிவரிக்கு ஒருத்தர் வந்தா, எந்த ஃப்ளாட்ல ஆர்டர் போட்டாங்கன்னு பார்ப்பார். உள்ளேயிருந்து ஆர்டர் போயிருந்தா விடுவார், இல்லைன்னா கேட்டுக்கு வெளியேதான்.

சரியான ஏற்பாடு. ஆனா கேமுக்கு இது ஒத்துவரலை, அதுக்குக் காரணம் யுடிபி. டிசிபியில ஒரு உரையாடல் எப்போ தொடங்குது, எப்போ முடியுதுன்னு காவலாளிக்குத் தெளிவாத் தெரியும். தொலைஞ்ச பேக்கெட்டையும் அது திரும்ப அனுப்பிடும். ஆனா எதிராளி அரை விநாடிக்கு முன்னாடி எங்கே நின்னான்ங்கிற தகவல் இப்போ பத்திரமா வந்து சேர்ந்து என்ன பண்றது? அதனால வேகமான கேம்கள் பெரும்பாலும் யுடிபியைத்தான் பிடிச்சுக்கிட்டன. யுடிபியில வணக்கமும் கிடையாது, போயிட்டு வர்றேனும் கிடையாது. பேக்கெட் வரும், போகும். காவலாளி ஒரு டைமரை வச்சு, இந்த ஆர்டர் இன்னும் உயிரோட இருக்கான்னு ஊகிக்க வேண்டியதுதான்.

இப்போ கேம் பக்கம் வருவோம். 1993 டிசம்பர்ல வந்த டூம், ஆபீஸ் நெட்வொர்க்குல நாலு பேர் சேர்ந்து விளையாட வழி கொடுத்தது. முதல் வெர்ஷன் நெட்வொர்க்குல இருக்கிற எல்லா கம்ப்யூட்டருக்கும் கேட்கிற மாதிரி கத்தி கத்திப் பேசும். பல கல்லூரிகளும் கம்பெனிகளும் டூமைத் தடை செஞ்சதுக்கு, வேலை கெட்டுப்போகுதுங்கிறது மட்டும் காரணம் இல்லை. நெட்வொர்க்கே மூச்சுத் திணறுச்சு.

1996-ல அதே ஐடி சாஃப்ட்வேர் க்வேக்கை வெளியிட்டது. இது இன்டர்நெட்லயே ஓடும். ஆனா ஒரிஜினல் க்வேக் சர்வர், கனெக்ட் ஆகிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு புது போர்ட்டை ஒதுக்கும். கதவைத் தட்டின இடம் ஒண்ணு, பதில் வர்ற இடம் இன்னொண்ணு. காவலாளி விடுவாரா? அதே வருஷம் டிசம்பர்ல வந்த க்வேக்வேர்ல்டுல எல்லாரும் ஒரே போர்ட்டுக்கு வந்தாங்க, 27500.

இதுக்கு நடுவுல இன்னொரு ஆள் நுழைஞ்சாச்சு: நேட். ஐபி முகவரிகள் தீர்ந்துபோகும்னு பயந்து 1994-ல முன்வைக்கப்பட்ட தற்காலிக வழி. வீட்டுக்குள்ள பத்து மெஷின் இருந்தாலும் வெளியுலகத்துக்கு ஒரே முகவரி. ரவுட்டர் போர்ட் எண்களை மாத்தி மாத்திக் கணக்கு வச்சுக்கும். அந்தத் தற்காலிகம் இன்னிக்கும் ஓடிட்டு இருக்கு. நம்ம ஊர் தற்காலிக பஸ் ஸ்டாண்டுகளை நினைச்சுக்கோங்க.

சில ரவுட்டர்கள் இந்தக் கணக்கை ஆட்டத்துக்கு நடுவுல மாத்திடும். நீங்க அதே ஆள்தான், ஆனா திடீர்னு வேற போர்ட்லேர்ந்து வர்றீங்க. சர்வர் உங்களை அந்நியன்னு நினைச்சுடும். இதுக்கு ஜான் கார்மாக் குழு க்வேக்வேர்ல்டுல பண்ண வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒவ்வொரு பேக்கெட்டுக்குள்ளயும் க்யூபோர்ட்னு ஒரு சின்ன எண்ணை வச்சாங்க. வெளி போர்ட் மாறினாலும், முகவரியும் உள்ளே இருக்கிற எண்ணும் பொருந்தினா அதே ஆள்தான். ஓட்டை ரவுட்டர்களுக்காகத்தான் இதுன்னு சோர்ஸ் கோடுல கமென்ட்டே எழுதி வச்சிருக்காங்க. யாரையும் ஃபயர்வாலை ஆஃப் பண்ணச் சொல்லலை. தன் புரோட்டோகாலை மாத்திக்கிட்டாங்க.

எல்லாரும் அப்படிப் பண்ணலை. 1998-ல வந்த ஸ்டார்கிராஃப்ட்ல ஆட்டக்காரர்கள் ஒருத்தருக்கொருத்தர் நேரடியாப் பேசணும், போர்ட் 6112. ஒரே ரவுட்டருக்குப் பின்னாடி அண்ணன் தம்பி ரெண்டு பேர் இருந்தா 6112-ஐ யாருக்குக் கொடுக்கிறது? மைக்ரோசாஃப்ட்டோட டைரக்ட்ப்ளேயை நம்பின ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் மாதிரி கேம்களுக்கு 2300-லேர்ந்து 2400 வரை நூறு போர்ட்டைத் திறந்து வைக்கணும். கேம் எழுதினவங்க ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சொந்த முகவரி இருக்கும்னு நினைச்சு எழுதினாங்க. அந்த உலகம் அவங்க எழுதிட்டு இருக்கும்போதே மறைஞ்சிட்டு இருந்தது. "ஆஃப் பண்ணிடு" பிறந்த இடம் இதுதான். அன்னிக்கு டயல்-அப்ல ஒரு மணி நேரம் ஆன்லைன்ல இருந்துட்டு கட் பண்றவருக்கு அது பெரிய பாவமும் இல்லை.

சரியான விடையும் கேம் உலகத்துலேர்ந்தேதான் வந்தது. ஆக்டிவிஷன்ல பேட்டில்ஸோன் வரிசை கேம்களோட நெட்வொர்க் வேலையில இருந்த டேன் கேகல், 1999-ல ஒரு வழியை எழுதி வச்சார். எனக்கும் உங்களுக்கும் தனித்தனி காவலாளி. ரெண்டு பேரும் வெளியில இருக்கிற ஒரு பொது சர்வர்கிட்ட முதல்ல பேசறோம். என்னோட வெளி முகவரி, போர்ட் எல்லாம் அதுக்குத் தெரிஞ்சிடும், உங்களோடதும் தெரிஞ்சிடும். அது நம்ம ரெண்டு பேருக்கும் தகவலை மாத்திக் கொடுக்கும். உடனே ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒருத்தருக்கொருத்தர் பேக்கெட் அனுப்பறோம். என் முதல் பேக்கெட்டை உங்க காவலாளி தூக்கி எறியலாம், பரவாயில்லை. ஆனா அது வெளியே போனதை என் காவலாளி ஆர்டர்னு குறிச்சு வச்சிருப்பார். அதனால உங்க பேக்கெட் வரும்போது, "சரி, இவங்க கேட்டதுதான்"னு விட்டுடுவார். உங்க பக்கமும் அதேதான். ஒரு பூட்டையும் உடைக்கலை, ஒரு செட்டிங்கையும் தொடலை.

இதுக்கு ஹோல் பஞ்சிங்னு பேர். 2003-ல ஸ்டன்ங்கிற புரோட்டோகால், மெஷின்கள் தங்களோட வெளி முகவரியைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிற வேலையை முறைப்படுத்துச்சு. இன்னிக்கு பிரௌசர்ல வீடியோ கால் பண்றீங்களே, அதுக்குள்ள ஓடறது இதே குடும்பம்தான்.

இன்னொரு பக்கம் யுபிஎன்பின்னு சுருக்குவழி ஒண்ணு வந்தது. கேம் கேட்டா ரவுட்டர் தானே போர்ட்டைத் திறந்து கொடுக்கும், பாஸ்வேர்ட் எதுவும் கேட்காது. கேமுக்குத் திறக்கிற அதே கதவை வீட்டுக்குள்ள இருக்கிற வைரஸும் திறக்கச் சொல்லலாம். எனக்கு அது பிடிக்கலை, அவ்வளவுதான்.

அடுத்து 2003 ஆகஸ்ட். பிளாஸ்டர் வோர்ம் விண்டோஸ் எக்ஸ்பி மெஷின்களைப் போட்டு வாங்குச்சு. எக்ஸ்பியில ஃபயர்வால் இருந்தது, ஆனா டீஃபால்ட்டா ஆஃப். ஒரு வருஷம் கழிச்சு, 2004 ஆகஸ்ட்ல வந்த சர்வீஸ் பேக் 2 அதை எல்லாருக்கும் ஆன் பண்ணுச்சு. புது ப்ரோகிராம் ஒண்ணு வெளியிலிருந்து இணைப்பு கேட்டா, "விடலாமா?"ன்னு ஒரு டயலாக் வரும். கேம் ஃபுல் ஸ்கிரீன்ல ஓடும், டயலாக் அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும். கடுப்புல ஆல்ட்-டேப் அடிச்சு கேன்சல் கொடுப்போம்.

அந்த கேன்சல்தான் வில்லன். இன்னிக்கு வரைக்கும் அங்கே கேன்சல் கொடுத்தா, அந்த கேமுக்கு ஒரு பிளாக் ரூல் எழுதப்படும். அப்புறம் நீங்க எத்தனை அலௌ ரூல் போட்டாலும் விண்டோஸ்ல பிளாக்தான் ஜெயிக்கும். "எல்லாம் அலௌ பண்ணிட்டேன், இன்னும் வேலை செய்யலை, கடைசியில மொத்தமா ஆஃப் பண்ணேன், சரியாயிடுச்சு"ங்கிற கதையில பாதி இதுவாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். அட்வான்ஸ்ட் செக்யூரிட்டி திரையில இன்பவுண்ட் ரூல்ஸுக்குப் போய், அந்த கேம் பேர்ல இருக்கிற சிவப்பு அடையாளத்தை டெலிட் பண்ணுங்க. வீட்டு நெட்வொர்க் பப்ளிக்னு இருந்தா பிரைவேட்னு மாத்துங்க. ஹாஸ்டல், காபி ஷாப்ல மட்டும் பப்ளிக்காவே இருக்கட்டும்.

லேக் வேற விஷயம். பேக்கெட்டைச் சரிபார்க்க விண்டோஸ் ஃபயர்வால் எடுக்கிற நேரம் மைக்ரோ செகண்ட் கணக்கு. சென்னையிலிருந்து மும்பைக்கு ஃபைபர்ல ஒளி போய்த் திரும்பறதுக்கே 10 மில்லி செகண்ட் ஆகும். ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓடினா ஃப்ரேம் விழும், அது நிஜம். அதுக்கு ஸ்கேன் நேரத்தை மாத்துங்க. ரொம்ப அவசியம்னா, அதிகாரப்பூர்வமா வாங்கின கேமோட ஃபோல்டரை மட்டும் விலக்குங்க. கிராக் பண்ண கேமுக்கு விலக்கு கொடுத்தா நான் பொறுப்பில்லை.

இப்போ என் கதைக்கு வர்றேன். 2016-லதான் மிராய் வந்தது. டீஃபால்ட் பாஸ்வேர்டோட இன்டர்நெட்ல திறந்து கிடந்த கேமரா, டிவிஆர், ரவுட்டர்களை டெல்நெட் வழியாப் பிடிச்ச பாட்நெட். எழுதினவங்க மூணு அமெரிக்க இளைஞர்கள், 2017 டிசம்பர்ல குற்றத்தை ஒப்புக்கிட்டது வெளியே வந்தது. அவங்களோட தொடக்கம் எங்கே தெரியுமா? மைன்கிராஃப்ட் சர்வர் பிசினஸ். போட்டி சர்வரைக் கவிழ்த்தா ஆட்டக்காரர்கள் இந்தப் பக்கம் வருவாங்க. அவங்க வெளியே விட்ட கோடை வச்சு 2016 அக்டோபர் 21-ஆம் தேதி டைன் கம்பெனியைத் தாக்கினப்போ, ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்கலை.

எங்க வீட்டுல அந்த டிஎம்இசட் ஆன்லயே இருந்தது. நடுவுல அப்பா டெஸ்க்டாப்பை ஃபார்மட் பண்ணக் கொடுத்தார். 192.168.1.5 காலியாச்சு. அதே சமயத்துல வீட்டுக்கு நாலு கேமராவோட ஒரு சிசிடிவி செட் வாங்கினார். ரவுட்டர் அந்த டிவிஆருக்கு எந்த முகவரியைக் கொடுத்திருக்கும்னு ஊகிச்சிருப்பீங்க. பாஸ்வேர்ட், பெட்டியில வந்ததே. 2017-ல ரவுட்டர் மாத்தறதுக்காக பழைய செட்டிங்ஸைத் திறந்தப்பதான் பார்த்தேன். எங்க வாசல், எங்க ஹால், அம்மா உட்கார்ந்து டிவி பார்க்கிற சோஃபா, எல்லாம் சில மாசமா உலகத்துக்குத் திறந்து கிடந்திருக்கு. யாராவது பார்த்தாங்களா? அந்த டிவிஆர்ல லாக் எதுவும் இல்லை. அம்மாகிட்ட அதைச் சொல்ல எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

இப்போ அதே வேலையைப் பண்ணணும்னா மைன்கிராஃப்ட்டுக்கு 25565-ஐ மட்டும், அதுவும் நிலையான முகவரி கொடுத்த ஒரு மெஷினுக்கு மட்டும் ஃபார்வர்ட் பண்ணுவேன், விளையாடி முடிச்சதும் எடுத்துடுவேன். சர்வர் அப்டேட்டும் முக்கியம். 2021 டிசம்பர்ல லாக்4ஜே ஓட்டை வெளியானப்போ, மைன்கிராஃப்ட் சாட்ல ஒரு வரி டைப் பண்ணியே சர்வரைக் கைப்பற்ற முடிஞ்சது. திறந்த போர்ட்டுக்குப் பின்னாடி என்ன ஓடுதுங்கிறதும் கணக்குதான்.

ஒரு விஷயம், நிறைய பேருக்கு இந்த போர்ட் ஃபார்வர்டிங்கே வேலை செய்யாது. ரவுட்டர் பக்கத்துல வான் ஐபியைப் பாருங்க. 100.64-லேர்ந்து 100.127-க்குள்ள தொடங்கினா, உங்க இணைய நிறுவனமே உங்களையும் பலரையும் சேர்த்து இன்னொரு நேட்டுக்குப் பின்னாடி வச்சிருக்குன்னு அர்த்தம். அங்கே நீங்க ஃபயர்வாலை ஆஃப் பண்ணாலும், ஆன் பண்ணாலும், வெளியிலிருந்து ஒரு பேக்கெட் தானா வராது. கேம் ஒழுங்கா ஹோல் பஞ்ச் பண்ணணும், இல்லைன்னா அதோட ரிலே சர்வர் வழியாப் போகணும். மூணாவது வழி ஐபிவி6, அதுல மறுபடியும் ஒவ்வொரு மெஷினுக்கும் சொந்த முகவரி. அப்போ காவலாளி இன்னும் முக்கியமாயிடுவார். அதை அடுத்த எபிசோட்ல பேசுவோம்.