கண்ணின் வடிகால் கோணத்தை அளத்தல்: கோனியோஸ்கோப்பி முதல் ஓ.சி.டி. வரை

முன்னுரை

கண்ணுக்குள் இடைவிடாமல் சுரக்கும் அக்வஸ் திரவம் பாப்பாவின் வழியாக முன்னறைக்கு வருகிறது. பிறகு கார்னியாவும் ஐரிஸும் கூடும் மூலையிலுள்ள வலைபோன்ற திசுவில் வடிந்து வெளியேறுகிறது. அந்த மூலையே வடிகால் கோணம். ஐரிஸ் முன்னே தள்ளப்பட்டு வலையை மூடிவிட்டால் கண் அழுத்தம் ஏறும். பார்வை நரம்பு சேதமடையும். இழந்த பார்வை திரும்பாது. ஆகவே கோணம் திறந்துள்ளதா, மூடியுள்ளதா என்பது குளுக்கோமா மருத்துவத்தின் அடிப்படைக் கேள்வி. இதற்கு விடை சொல்லும் ஒளிப்படக் கருவிகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. நம்பகம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன என்பதும், அவற்றைக் கலந்து பேசுவதே குழப்பத்துக்குக் காரணம் என்பதும் இதன் வாதம்.

மருத்துவரின் கண்ணே அளவுகோலாக இருந்த காலம்

கோணத்திலிருந்து வரும் ஒளி கார்னியாவின் மேற்பரப்பில் முழு அக எதிரொளிப்புக்கு உள்ளாவதால் அதை வெளியிலிருந்து நேராகப் பார்க்க இயலாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிரேக்க மருத்துவர் அலெக்சியோஸ் டிராண்டாஸ், கார்னியா புடைத்திருந்த ஒரு கண்ணின் ஓரத்தை விரலால் அழுத்திக் கோணத்தைக் கண்டார். கோனியோஸ்கோப்பி என்ற பெயரும் அவர் இட்டதே. 1914இல் மாக்ஸிமிலியன் சால்ஸ்மன் கண்மேல் பொருத்தும் லென்ஸைப் பயன்படுத்தினார். 1938இல் ஹான்ஸ் கோல்ட்மன் கண்ணாடி பதித்த லென்ஸை உருவாக்கினார். அதே காலத்தில் ஓட்டோ பார்கன் குளுக்கோமாவைத் திறந்த கோண வகை, மூடிய கோண வகை எனப் பிரித்தார். 1960இல் ஷாஃபர் கோணத்தின் அகலத்தை 0 முதல் 4 வரை தரப்படுத்தினார்.

இந்த முறையின் குறைகள் தொடக்கத்திலிருந்தே தெரிந்தவை. லென்ஸைச் சற்று அழுத்தினாலும் கோணம் விரியும். கண்ணைப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப் கருவியின் வெளிச்சம் பாப்பாவைச் சுருக்கிக் கோணத்தைத் திறந்துவிடும். ஒரே கண்ணுக்கு இரு மருத்துவர்கள் இரு தரங்களைத் தருவதும் உண்டு.

குறுக்குவெட்டுப் படங்களின் வருகை

1990களின் தொடக்கத்தில் டொராண்டோவில் சார்லஸ் பாவ்லினும் ஸ்டூவர்ட் ஃபாஸ்டரும் 50 மெகாஹெர்ட்ஸ் மீயொலியால் கோணத்தின் குறுக்குவெட்டைப் படமாக்கினர். ஸ்க்ளீரல் ஸ்பர் என்னும் சிறு முனையிலிருந்து 500 மைக்ரான் தள்ளி, ஐரிஸ் வரையுள்ள இடைவெளியை அளக்கும் முறை அப்போது உருவானது. அது ஒலிக் கருவி. ஆயினும் பின்வந்த ஒளிக் கருவிகள் அதே அளவையை எடுத்துக்கொண்டன.

1991இல் ஒளியால் குறுக்குவெட்டைப் படமாக்கும் ஓ.சி.டி. (optical coherence tomography) அறிமுகமானது. 1994இல் ஜோசப் இஸாட் குழுவினர் அதைக் கண்ணின் முன்பகுதிக்குக் கொண்டுவந்தனர். 1310 நானோமீட்டர் அலைநீளத்துக்கு மாறியது பெரிய திருப்பம். இந்த ஒளி கண்ணின் வெண்படலமான ஸ்க்ளீராவில் குறைவாகச் சிதறுவதால் கோணத்தின் ஆழம் வரை எட்டுகிறது. கண்ணுக்குப் புலப்படாததால் இருட்டறையிலும் படம் எடுக்க முடிகிறது. 2005 வாக்கில் விசான்டே கருவி மருத்துவமனைகளுக்கு வந்தது. அடுத்த தலைமுறைக் காசியா கருவி ஏறத்தாழ 2.4 நொடிகளில் 128 குறுக்குவெட்டுகளை எடுத்தது. நீல ஒளியில் இயங்கும் பென்டகாம் போன்ற ஷைம்ஃப்ளக் கேமராக்களால் ஸ்க்ளீராவைத் துளைத்துக் கோணத்தின் உள்மூலையைக் காட்ட இயலவில்லை.

மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: அதே கருவி மறுபடி அளந்தால் அதே எண் வருமா? முன்கண் ஓ.சி.டி. இதில் பொதுவாக நன்றாகவே தேறுகிறது. ஆனால் அளவீடு முழுவதும் ஸ்க்ளீரல் ஸ்பரைச் சரியாகக் குறிப்பதைச் சார்ந்தது. 2008இல் சிங்கப்பூரிலிருந்து வெளியான சகாடா குழுவின் ஆய்வில் 72 விழுக்காடு படங்களில்தான் அதை அடையாளம் காண முடிந்தது. மேல், கீழ்ப் பகுதிகளில் சிரமம் கூடுதல். மருத்துவரின் தரப்படுத்தலில் இருந்த ஐயம் இப்போது படத்தில் வைக்கும் ஒரு புள்ளிக்கு இடம்மாறியிருக்கிறது.

இரண்டாவது கேள்வி: ஒரு கருவியின் எண்ணும் இன்னொன்றின் எண்ணும் ஒத்துப்போகுமா? ஒருங்கே ஏறியிறங்குவது வேறு, இசைவது வேறு என்று பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இல் விளக்கியது இங்கே முக்கியம். தட்டு சாய்ந்த தராசும் ஒவ்வொரு முறையும் ஒரே எடையைத்தான் காட்டும். 2008இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் இரு முன்கண் ஓ.சி.டி. கருவிகளை ஒப்பிட்டபோது தனித்தனியே இரண்டும் சீராக அளந்தன. ஒன்றுக்கொன்று இசைவோ குறைவாக இருந்தது.

மூன்றாவது கேள்வி: அந்த எண் நோயைக் காட்டுகிறதா? 2007இல் நோலன் குழுவினர் கோனியோஸ்கோப்பியை உரைகல்லாகக் கொண்டு ஓ.சி.டி.யைச் சோதித்தனர். மூடிய கோணங்களில் 98 விழுக்காட்டை அது கண்டுபிடித்தது. திறந்த கோணங்களைத் திறந்தவை என்று சொன்னது 55.4 விழுக்காடு மட்டுமே. இருட்டில், தொடாமல் எடுத்த படம் மூடலைக் கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதை வெறும் பிழை என்று ஒதுக்கவும் இயலாது. அப்படி முரண்பட்ட கண்களில் ஒரு பகுதி சில ஆண்டுகளில் கோனியோஸ்கோப்பியிலும் மூடியதாகத் தெரிந்ததைப் பின்னாளைய சிங்கப்பூர் ஆய்வு பதிவுசெய்தது.

ஆனால் குறுகிய கோணம் எல்லாம் நோயாக முற்றுவதில்லை. 2003இல் வெளியான வேலூர் ஆய்வில், மூடும் வாய்ப்புள்ள கோணம் கொண்ட 50 பேரில் 11 பேருக்கே ஐந்தாண்டுகளில் கோணமூடல் அடுத்த நிலைக்குச் சென்றது. 2019இல் குவாங்சோவிலிருந்து வெளிவந்த ஆய்வு 889 பேரை ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. ஐரிஸில் லேசரால் துளையிட்ட கண்களில் 19, இடாத கண்களில் 36 மட்டுமே பாதிப்பு நிலையை அடைந்தன. படத்தின் எண்ணை மட்டும் நம்பிச் சிகிச்சை தொடங்கினால், தேவையில்லாத பலருக்கும் லேசர் போய்ச் சேரும்.

முடிவுரை

ஒரே கண்ணை, ஒரே கருவியால், ஒரே வெளிச்சத்தில் காலந்தோறும் தொடர்ந்து அளக்க முன்கண் ஓ.சி.டி. நம்பத்தக்கது. ஒரு கருவியின் எண்ணை இன்னொன்றின் எண்ணுக்குப் பதிலாக வைக்கக் கூடாது. கோணத்தின் நிறமியையும் புதிய இரத்தக்குழாய்களையும் அது காட்டாது. ஐரிஸ் வலையைத் தொட்டு நிற்கிறதா, ஒட்டிக்கொண்டதா என்பதையும் அதனால் எளிதில் பிரித்துச் சொல்ல இயலாது. இவற்றுக்குக் கோனியோஸ்கோப்பி தேவை. ஒவ்வொரு கோண அறிக்கையிலும் கருவியின் பெயர், அறையின் வெளிச்சம், அளந்த பகுதி, ஸ்க்ளீரல் ஸ்பர் தெளிவாகத் தெரிந்ததா என்ற நான்கையும் குறிப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும்.