பெரியவர்களின் சிற்றில்

சென்ற ஆண்டு என் மாமனாரும் மாமியாரும் ஊரிலிருந்து வந்து ஐந்து மாதம் எங்களோடு பாபகூராவில் தங்கியிருந்தார்கள். ஆக்லாந்தின் தென்கோடிப் புறநகர்களில் ஒன்று பாபகூரா. 'பாப' என்றால் நிலம், 'கூரா' என்றால் சிவப்பு; செம்மண் பூமி என்று இந்த மாவோரிப் பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். வந்த இரண்டாம் நாள் கராஜுக்குள் எட்டிப் பார்த்த மாமா, சுவர் நெடுக நிறம் வாரியாகவும் அளவு வாரியாகவும் அடுக்கியிருந்த லெகோ டப்பாக்களைக் கண்டு நின்றுவிட்டார்.

"இவ்வளவும் பேரனுக்கா மாப்பிள்ளை?"

"இல்லை மாமா, எனக்குத்தான்."

மேற்கொண்டு அவர் ஒன்றும் கேட்கவில்லை. பொதுப்பணித் துறையில் முப்பது வருடம் ஓவர்சீயராக இருந்து நிஜமான செங்கல்லை நிஜமான சிமெண்டில் பதித்தவர் அவர். பொறியியலில் முதுகலை படித்து, மென்பொருள் வேலை பார்க்கும் மருமகன் கராஜில் உட்கார்ந்து பொம்மைக் கட்டை அடுக்குகிறான் என்றால் என்ன நினைப்பார்? அன்று சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் வரலாறு, சுருக்கமாக. டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிற்றூரில் தச்சராக இருந்த ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென், 1932-இல் வேலை குறைந்துபோன மந்த காலத்தில் மரப் பொம்மைகள் செய்ய ஆரம்பித்தார். 1934-இல் வைத்த பெயர் லெகோ. 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களின் சுருக்கம் அது. 1949-இல் பிளாஸ்டிக் கட்டைகள் வந்தன. இந்த வடிவம் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. இங்கிலாந்தில் ஹிலரி ஃபிஷர் பேஜ் என்பவர் கிட்டிகிராஃப்ட் என்ற பெயரில் செய்த கட்டையைப் பார்த்துச் செய்தது. (அந்தக் கட்டைக்கான உரிமைகளை லெகோ 1981-இல் விலை கொடுத்து வாங்கிக்கொண்டது.) அவர்கள் உண்மையாகவே கண்டுபிடித்தது கட்டையின் வயிற்றுக்குள் இருக்கும் குழாய்களை. ஓலேயின் மகன் கொட்ஃப்ரெட் 1958 ஜனவரி 28 அன்று அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அதற்கு முன் கட்டைகள் ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்தன, அவ்வளவுதான். குழாய் வந்தபிறகு மேலே உள்ள குமிழ், கீழிருக்கும் குழாய்க்கும் சுவருக்கும் நடுவே இறுகிப் பிடித்துக்கொண்டது. 1958-இல் செய்த கட்டையும் இன்று வாங்கிய கட்டையும் ஒன்றோடொன்று பொருந்தும். பத்து வருடத்துக்கு முன் எழுதிய நிரலை இன்றைய கணினியில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

பொருந்துவதற்குக் காரணம் அளவுகள். குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ. கட்டையின் உயரம் 9.6 மி.மீ. 'பிளேட்' எனப்படும் தட்டைத் துண்டின் உயரம் அதில் மூன்றில் ஒரு பங்கு, 3.2 மி.மீ. இப்போது ஒரு சின்னக் கணக்கு: ஐந்து பிளேட்களை அடுக்கினால் 16 மி.மீ. இரண்டு குமிழ் அகலமும் 16 மி.மீ. ஆகவே கட்டைகளைப் படுக்கவைத்துப் பக்கவாட்டிலும் கட்டலாம், இடுக்கு விழாது. பெரியவர்கள் செய்யும் லெகோ வேலையில் பாதி அழகு இந்த ஒரு சமன்பாட்டில் இருந்து பிறப்பது. குமிழே வெளியில் தெரியாத வழவழப்பான சுவர், ஜன்னல் மாடம், எழுத்து பொறித்த பலகை எல்லாம் இப்படித்தான் வருகின்றன. பெட்டியில் வரும் வழிகாட்டிப் புத்தகத்தை மட்டும் பார்த்துக் கட்டும் சிறுவனுக்கு இது தெரியவேண்டியதில்லை. சொந்தமாக ஒன்றைக் கட்ட நினைப்பவன் முதல் வாரத்திலேயே இதில் வந்து முட்டிக்கொள்வான்.

கணக்கு என்றதும் இன்னொன்று. குமிழ்கள் இரண்டுக்கு நான்காக உள்ள, ஒரே நிறக் கட்டைகள் இரண்டை எத்தனை விதமாக இணைக்கலாம்? இணையாக வைத்தால் 11, குறுக்காக வைத்தால் 13, ஆக 24. மூன்று கட்டைகள் என்றால் 1,060. ஆறு கட்டைகளுக்குப் பத்துக் கோடியே சொச்சம் என்று லெகோ நிறுவனம் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ் அதைச் சரிபார்த்தார். நிறுவனம் எண்ணியது ஒன்றன் மேல் ஒன்றாக ஆறு அடுக்கு உயரும் கோபுரங்களை மட்டுமே. எல்லா விதங்களையும் சேர்த்தால் 91,51,03,765. இதற்கு ஒற்றைவரிச் சூத்திரம் கிடையாது, கணினியை விட்டு எண்ண வைக்கத்தான் வேண்டும். ஐலர்ஸும் அதைத்தான் செய்தார்.

இந்தப் பொழுதுபோக்குக்காரர்களின் அகராதியில் 'இருண்ட காலம்' என்றொரு சொல் உண்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் லெகோவை விட்டுவிட்டு, வேலை, கல்யாணம் எல்லாம் ஆனபின் மறுபடி அதற்குத் திரும்புவதற்கு இடைப்பட்ட காலத்தைக் குறிப்பது. களப்பிரர் காலத்தை நம் பாடப்புத்தகங்கள் அப்படி அழைத்தது ஞாபகம் வருகிறதா? இங்குள்ள நண்பர்கள் எல்லோரும் தத்தம் இருண்ட காலத்தைப் பற்றிப் பேசும்போது எனக்குச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. எனக்கு விட்ட காலமே கிடையாது, ஏனென்றால் தொட்ட காலம் கிடையாது. தொண்ணூறுகளில் எங்கள் ஊர்க் கடையில் லெகோவை நான் பார்த்ததில்லை. பெரியப்பா வீட்டில் ஒரு மெக்கானிக்ஸ் பெட்டி இருந்தது. துளையிட்ட தகடு, நட்டு, போல்ட். அதையும் அண்ணன் தொடவிடமாட்டான். எங்களுக்கு வாய்த்தது தீப்பெட்டி ரயிலும் களிமண்ணும்தான்.

ஆகவே மேற்கத்தியர்களுக்கு இது திரும்பிப் போதல் என்றால், என்னைப் போன்றவர்களுக்கு முதல் வருகை. 'போன பால்யத்தை மீட்கிறான்' என்று எங்களைப் பற்றிச் சொல்வது பொருந்தாது. அப்படியானால் எங்கிருந்து வருகிறது இந்த ருசி?

யோசித்துப் பார்த்தால் நம்மிடம் வழி இல்லாமல் இல்லை. ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்களில் ஒன்று சிற்றில். சிறுமியர் மணலில் கட்டிய சின்ன வீட்டைச் சிதைக்காதே என்று கேட்கும் பருவம். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் திருமொழியும் அதே வேண்டுகோள்தான், ஆனால் அங்கே கேட்பவர்கள் காதல் அறிந்த பெண்கள், குழந்தைகள் அல்லர். வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சமதூரத்தில் புள்ளி, அதற்கு உட்பட்டுத்தான் கோடு. இதற்குள் ஒரு முறையான இலக்கணம் இருக்கிறது என்று சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இல் கணினியியல் கட்டுரையே எழுதினார்கள். குமிழ்களின் மேல் கட்டை வைக்கும்போது நான் என் அம்மாவின் வேலையைத்தான் செய்கிறேனோ என்று தோன்றுவதுண்டு.

எல்லாவற்றையும் விடப் பெரிய சாட்சி கொலு. ஒன்பது நாளைக்கு, வயது வந்த பெண்கள், வெட்கமின்றி, ஊரைக் கூப்பிட்டுக் காட்டிப் பொம்மை அடுக்குகிறார்கள். படிகளுக்குக் கீழே 'பார்க்' என்று ஒன்று போடுவார்கள்: மண்ணைப் பரப்பி, கடுகு விதைத்து முளைக்கவைத்து, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி, கரையில் ஒரு கோயில். இது சிற்றில் இல்லாமல் வேறு என்ன? அதை யாரும் பிள்ளை விளையாட்டு என்று சொல்வதில்லை, சுண்டல் வாங்கிக்கொண்டு பாராட்டிவிட்டுப் போகிறோம். ஆண்களுக்குத்தான் நம் வீடுகளில் இப்படி ஓர் அனுமதி கிடைக்கவில்லை.

பொம்மையைப் பெரியவர்கள் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆக்லாந்திலேயே ஓர் அத்தாட்சி இருக்கிறது. பாபகூராவில் ரயிலேறி நகரத்துக்குப் போய், அங்கிருந்து பேருந்து மாறினால் வெஸ்டர்ன் ஸ்பிரிங்ஸ். அங்கேதான் மோட்டாட் எனப்படும் போக்குவரத்து, தொழில்நுட்ப அருங்காட்சியகம். அதன் சேகரிப்பில் மெக்கானோ துண்டுகளால் ஆன ஒரு கணிப்பொறி உள்ளது. மெக்கானோ என்பது லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி 1901-இல் காப்புரிமை பெற்ற நட்டு-போல்ட் பொம்மை. மேலே சொன்ன பெரியப்பா வீட்டுப் பெட்டிக்கு அதுவே மூதாதை.

கதை இது. அமெரிக்காவில் வானிவார் புஷ் வகையீட்டுச் சமன்பாடுகளைத் தீர்க்க ஒரு மாபெரும் இயந்திரம் அமைத்திருந்தார். சுழலும் தட்டின் மேல் ஒரு சின்னச் சக்கரம் உருளும். மையத்திலிருந்து அது எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அந்த அளவு வேகமாகச் சுற்றும். அந்தச் சுற்றுகளின் கூட்டுத்தொகைதான் தொகையீடு. இதைப் பார்த்துவந்த மான்செஸ்டர் பேராசிரியர் டக்ளஸ் ஹார்ட்ரீ, மாணவர் ஆர்தர் போர்ட்டரோடு சேர்ந்து 1934-இல் மெக்கானோவிலேயே ஒரு மாதிரியைச் செய்தார். செலவு சுமார் 20 பவுண்டு. விடைகள் ஏறத்தாழ இரண்டு சதவீதப் பிழைக்குள் வந்தன; அணுவைப் பற்றிய நிஜமான ஆய்வுக் கணக்குகளை அதில் போட்டார்கள். அடுத்த வருடமே கேம்பிரிட்ஜிலும் ஒன்று எழுந்தது. அதில் வேலை செய்தவர்களில் ஒருவர் மாரிஸ் வில்க்ஸ், பின்னாளில் 1949-இல் எட்சாக் கணினியை இயக்கிக் காட்டியவர். மின்னணுக் கணினி வந்ததும் பழையதற்கு மவுசு போய்விட்டது. 1950-இல் ஆக்லாந்தில் வானொலி அலை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஹாரி வேல் அதை 100 பவுண்டுக்கு வாங்கிக் கப்பலேற்றினார். பிறகு அது வெலிங்டனுக்குப் போய் அரசின் ஆய்வுத் துறையில் உழைத்தது. 1973-இல் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. 1990-களில் அதைப் பிரித்துத் துடைத்து மறுபடி ஓடவைக்கப் பாடுபட்டவர்கள், வார இறுதிகளில் மெக்கானோ கட்டும் பொழுதுபோக்குக்காரர்கள்! எனக்கு இந்தக் கடைசித் தகவல்தான் மிகவும் பிடித்தது.

லெகோவுக்கு வருவோம். பெரியவர்களும் வாங்குகிறார்கள் என்பதை நிறுவனம் வெகுநாள் வரை பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2003, 2004 வாக்கில் பெரும் நஷ்டத்தில் மூழ்கும் நிலைக்கு வந்தபிறகுதான் இந்தக் கூட்டத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தது. 2004-இல் சாம்பல் நிறத்தைச் சத்தமின்றி நீலம் கலந்த சாம்பலாக மாற்றியபோது உலகெங்கும் எழுந்த கோபத்தில் அவர்களுக்குப் பெரியவர்களின் பலமும் தெரிந்திருக்கும். ஒரு குழந்தை சாம்பல் நிறத்துக்காகக் கடிதம் எழுதுமா? 2008-இல் 5,922 துண்டுகளில் தாஜ்மகால் வந்தது. 2020 முதல் பெட்டிகளின் மேல் '18+' என்றே அச்சிடுகிறார்கள்.

ஆனால் நிறுவனம் செய்ததை விட ரசிகர்கள் செய்தது அதிகம். ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் 1995-இல் எல்டிரா என்ற இலவச மென்பொருளை எழுதினார். கணினித் திரையில் கட்டை அடுக்குவதற்கு. அதன் அடிப்படை அலகு 0.4 மி.மீ. குமிழ் இடைவெளி 20 அலகு, கட்டை உயரம் 24, பிளேட் 8. தசமப் புள்ளியே வராது! நல்ல மென்பொருள்காரனுக்கு அடையாளம் இதுதான் என்பேன். 1997-இல், 26 வயதில், அவர் இறந்துபோனார். அவர் வகுத்த கோப்பு வடிவத்தை இன்றும் பல நிரல்கள் புரிந்துகொள்கின்றன.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில அனுபவக் குறிப்புகள். புதுப் பெட்டிகள் விலை அதிகம். சனிக்கிழமை கராஜ் சேல்களிலும் டிரேட் மீ ஏலங்களிலும் மொத்தமாக, கலந்து கட்டிக் கிடைப்பவற்றை வாங்குங்கள். மெல்லிய வலைப்பையில் போட்டு வெதுவெதுப்பான நீரில் அலசவேண்டும். 40 டிகிரிக்கு மேல் சூடு கூடாது, வாஷிங் மெஷின் வேண்டவே வேண்டாம். ஜன்னலோரம் வைக்காதீர்கள். நியூசிலாந்து வெயிலில் புற ஊதாக் கதிர் கடுமை. வெள்ளைக் கட்டை பழுப்பேறிப் போகும். நிறம் வாரியாகப் பிரிப்பதை விட வடிவம் வாரியாகப் பிரிப்பது நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். சிவப்புக் குவியலில் ஒரு சின்னச் சிவப்புத் துண்டைத் தேடிப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். நான் நிறத்திலேயே தொடங்கி, இன்னும் மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஆக்லாந்து, வெலிங்டன், கிறைஸ்ட்சர்ச் மூன்றிலும் இந்த ஆர்வலர்கள் கூடுகிறார்கள், கண்காட்சி வைக்கிறார்கள்.

மாமா விஷயத்தைச் சொல்லாமல் விட்டேன். நவராத்திரி நெருங்கியது. ஊர்க் கொலுப் பொம்மைகளை இங்கே கொண்டுவருவது சுலபமில்லை. எடை ஒருபக்கம்; மண், வைக்கோல் என்றாலே இந்நாட்டு விமான நிலையத்தில் ஆயிரம் கேள்வி. ஆகவே கீழே போடும் பார்க்கை லெகோவில் கட்டலாம் என்று என் மனைவிதான் யோசனை சொன்னாள். நான் கோபுரத்தில் இறங்கினேன். கோபுரம் கஷ்டமான வடிவம். ஒவ்வொரு நிலையும் முந்தையதை விடக் கொஞ்சமே குறுகவேண்டும். ஒரு முழுக் குமிழ் உள்ளே போனால் படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். நடுவில் ஒரே குமிழ் உள்ள ஒரு பிளேட் உண்டு, அதை வைத்தால் அரைக் குமிழ், அதாவது 4 மி.மீ. மட்டும் நகரலாம். அதில் மூழ்கியிருந்தபோது பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது.

"அடிச்சுவர் நிக்காதே மாப்பிள்ளை."

"ஏன் மாமா?"

"மூட்டு மேல மூட்டு வருது பாருங்க. மேல்வரி கல்லு, கீழ்வரி ரெண்டு கல்லு மேலயும் உக்காரணும். மூலையில பாதிக் கல்லு போட்டு ஆரம்பிங்க, தன்னால மாறிக்கும்."

அழுத்திப் பார்த்தேன். சுவர் நேர்கோட்டில் விரிந்து பிளந்தது. ஐந்து வருடமாகக் கட்டுகிறேன், அடித்தளத்தை அவசரத்தில் நேருக்கு நேர் அடுக்கியிருக்கிறேன். அவர் பழைய நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டார். மூன்று வரிகளைக் கழற்றி மறுபடி வைத்தோம். முதலில் என் கையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரத்தில் தானே வைக்கத் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றி, கட்டையை முகத்தருகே கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தார்.

"எட்டு குமிழு. நல்லா வார்த்திருக்கான். அந்தச் செவப்பு டப்பாவை இப்படித் தள்ளுங்க."

ஐந்து நிலை என்று திட்டம். கொலுவுக்குள் மூன்றுதான் முடிந்தது. மீதி இரண்டுக்கான வரைபடத்தை அவர் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்; அளவுகள் அடியிலும் அங்குலத்திலும்.