அமா என்றால் அமாவாசை அல்ல

மாசம் பிறந்தா நமக்கு ஒரு வேலை உண்டு மக்களே. ஆஸ்டெரிஸ்க் சர்வர் வழியா போன இன்டர்நெட் கால் எல்லாத்தையும் டேட்டாபேஸ்ல கூட்டி, எந்த டிபார்ட்மெண்ட் எத்தனை நிமிஷம் பேசிச்சுன்னு ரிப்போர்ட் அனுப்பணும். அந்த சிடிஆர் டேபிள்ல 'அமாஃப்ளாக்ஸ்'னு ஒரு ஃபீல்டு. எங்க சர்வர்ல எல்லா வரியிலயும் 3தான். யாருய்யா இந்த அமான்னு நோண்டப் போய் 1948ல போய் நின்னேன்.

அதுக்கு முன்னாடி உள்ளூர் அழைப்புக்கு எக்ஸ்சேஞ்சுல ஆளுக்கொரு மீட்டர். அதுக்கு எண்ண மட்டும்தான் தெரியும். யாருக்குப் பேசினோம், எப்ப பேசினோம், ம்ஹூம். நம்ம நாட்டுல 1960ல கான்பூர் - லக்னோ எஸ்டிடி வந்தப்பவும் கதை இதுதான். தூரம் அதிகம்னா மீட்டர் வேகமா ஓடும். பில் எகிறிடுச்சுன்னு சண்டை போனா, அவங்ககிட்ட காட்ட அந்த ஒரு எண்ணிக்கைதான் இருக்கும்.

1948ல அமெரிக்காவின் பெல் நிறுவனம் பென்சில்வேனியாவுல மீடியாங்கிற ஊர் எக்ஸ்சேஞ்சுல 'ஆட்டோமேட்டிக் மெசேஜ் அக்கவுண்டிங்' கொண்டு வந்தது. சுருக்கமா அமா. காகித நாடாவுல துளை போடும் எந்திரம். ஒரு அழைப்புக்கு மூணு பதிவு: டயல் செஞ்சது, எதிர்முனை எடுத்தது, வச்சது. அழகு என்னன்னா, இந்த மூணும் அடுத்தடுத்து இருக்காது. நடுவுல ஊர்ல இருக்கிற மத்தவங்க அழைப்பெல்லாம் கலந்து கிடக்கும். கணக்கு மையத்துல வேற எந்திரங்கள் அதைப் பிரிச்சு, ஒரே அழைப்போட துண்டுகளைச் சேர்த்து, நேரத்தைக் கழிச்சுப் பார்க்கும். நான் நாலு வரி எஸ்க்யூஎல்ல செய்யறதை, அன்னிக்கு ரிலேக்கள் டக்டக்குனு தட்டிச் செஞ்சிருக்கு!

1999ல மார்க் ஸ்பென்சர் எழுத ஆரம்பிச்ச ஆஸ்டெரிஸ்க் இந்தப் பேரை அப்படியே எடுத்துக்கிச்சு. 1ன்னா கணக்குல விடு, 2ன்னா பில் போடு, 3ன்னா சும்மா குறிச்சு வை.

மூணு பதிவுல நடுவுல இருக்கிறதுதான் காசு. அதோட அருமை எனக்கு முதல் ரிப்போர்ட்லயே புரிஞ்சுது. 'டியூரேஷன்' ஃபீல்டைக் கூட்டி அனுப்பிட்டேன். அது டயல் செஞ்சதுல இருந்து ஓடுற நேரம், மணி அடிச்சதும் சேர்த்தி. எடுத்த பிறகு பேசினது 'பில்செக்'ல இருக்கு. "அந்த நம்பர்ல போனையே எடுக்கலை தம்பி, எதுக்கு எங்க தலையில நிமிஷம்?"னு ஒரு மேனேஜர் நேரா வந்துட்டார். பார்த்தா அந்த வரிகள்ல பில்செக் 0. ஃபீல்டை மாத்தி, அசடு வழிஞ்சு, மறுபடியும் எல்லாருக்கும் அனுப்பினேன் :-)