பெடல் ஸ்டீல் கிற்றாரின் தந்தித் தடிமன்

பெடல் ஸ்டீல் கிற்றார் மேசைபோல் காலூன்றி நிற்கும் ஒரு மின்னிசைக் கருவி. வாசிப்பவர் அதன் முன் உட்கார்ந்து, இடக்கையில் உள்ள உருக்குத் தண்டைத் தந்திகளின்மேல் வழுக்கியபடி வலக்கையால் மீட்டுவார். வீணைக்குள்ள மெட்டுகள் இதில் இல்லை. காலால் மிதிக்கும் பெடல்களும் முழங்காலால் தள்ளும் நெம்புகளும், ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தந்தியின் சுருதியை ஏற்றும் அல்லது இறக்கும். தடிமனைத் தேர்வது இந்தக் கருவியில் மற்றக் கிற்றார்களைவிடச் சிக்கலாவதற்கு இதுவே காரணம். ஒவ்வொரு தந்தியும் ஒரு சுருதிக்கு மட்டுமல்ல, இரண்டு மூன்று சுருதிகளுக்குப் பொருந்தியாக வேண்டும்.

தடிமனை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கணக்கிடுவர். 0.011 அங்குலத் தந்தியைக் கடையில் 'பதினொன்று' என்று கேட்டால் போதும். மன்னார்க் கரையில் தங்கூசிக்கு எண் இருப்பது போலத்தான் இதுவும். நம் பக்கத்து வீணைத் தந்திகளும் வெறுங் கம்பிச் சுருள்களும் பழைய பிரித்தானியக் கம்பி எண்ணில் வருவதுண்டு. அதில் எண் ஏற ஏறக் கம்பி மெலியும்: 32ஆம் எண் 0.0108 அங்குலம், 30ஆம் எண் 0.0124, 28ஆம் எண் 0.0148. இரண்டு முறைகளையும் குழப்பிக்கொண்டு '28' என்று கேட்டால், சுருதியே சேராத ஒரு தந்திதான் கையில் வந்து சேரும்.

உறவுக் கருவிகள்

தந்தியின்மேல் ஒரு பொருளை வழுக்கி வாசிக்கும் முறை தமிழருக்குப் புதிதல்ல. கோட்டுவாத்தியம் எனப்படும் சித்திரவீணையும் மெட்டில்லாக் கருவிதான். அதில் 21 தந்திகள்; வாசிப்புத் தந்திகள், சுருதித் தந்திகள், தாமாக அதிரும் பரிவுத் தந்திகள் என்று பிரிந்து நிற்கும். பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் நாராயண ஐயங்காரும் சென்ற நூற்றாண்டில் அதைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தியவர்கள்.

மேற்கத்திய ஸ்டீல் கிற்றார் ஹவாய்த் தீவுகளில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவானது. ஜோசப் கெகூகு என்பவரின் பெயர் அதனோடு சேர்த்துச் சொல்லப்படும். அந்த ஹவாயன் கிற்றார் இலங்கையிலும் இந்தியாவிலும் மெல்லிசைக்காரர் கையில் நன்றாகப் பழகியது. அதே வழியில் வந்த விஸ்வமோகன் பட்டின் மோகன வீணை, அமெரிக்கக் கிற்றார் கலைஞர் ரை கூடருடன் சேர்ந்து செய்த இசைத்தட்டுக்காக 1994இல் கிராமி விருது பெற்றது. பெடல் பூட்டிய வடிவம் மட்டும் அமெரிக்காவின் கன்ட்ரி இசை மேடைகளில் வளர்ந்தது. 1954இல் வெப் பியர்ஸ் பாடி வெளிவந்த ஒரு பாட்டில் பட் ஐசக்ஸ் பெடலை மிதித்து வாசித்த பிறகு, அங்கே எல்லோரும் அந்த ஒலியைத் தேடத் தொடங்கினர்.

ஈ9 சுருதியமைப்பு

இன்று பெரும்பாலோர் வைத்திருப்பது பத்துத் தந்திகள் கொண்ட ஈ9 அமைப்பு. வாசிப்பவருக்கு மிகத் தொலைவில் இருப்பது முதலாம் தந்தி. அங்கிருந்து வரிசையாக எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, டி, பி. நம் கட்டைக் கணக்கில் ஈ மூன்று கட்டை, ஜி ஷார்ப் ஐந்தரைக் கட்டை, பி ஏழு கட்டை. வழக்கமான தடிமன் 13, 15, 11, 14, 17, 20, 26, 30, 34, 38. முதல் ஆறும் வெறுந் தந்திகள், மற்ற நான்கும் சுற்றுத் தந்திகள். எட்டாவதுக்கு 32ஐயும் ஒன்பதாவதுக்கு 36ஐயும் போடுவோர் உண்டு.

இந்த வரிசையைப் பார்ப்பவர்கள் முதலில் அச்சுப் பிழை என்றே நினைப்பார்கள். எல்லாவற்றிலும் மெல்லிய தந்தி மூன்றாம் இடத்தில் இருப்பது ஏன்? முன்பு ஜி ஷார்ப்தான் மேல் எல்லை. முதலிரண்டு தந்திகளைப் பிற்பாடு படிப்படியாக ஏறி இறங்கும் இசைக்காக மேலே சேர்த்தார்கள். அதில் பெடல் ஸ்டீல் கலைஞர் பட்டி எம்மன்ஸின் பங்கு பெரியது. அவை சுருதியில் மூன்றாவதுக்குக் கீழே இருப்பதால் தடிமன் கூடியவை.

சி6 என்ற மற்றொரு சுருதியமைப்பின் தந்திகள் இன்னும் தடித்தவை. அதன் முதலாம் தந்தி 12 அல்லது 15, பத்தாம் தந்தி 70 வரை போகும். ஜாஸ் பக்கம் போகிறவர்களுக்கே அது தேவை.

தடித்தால் அறாது என்ற நம்பிக்கை

மூன்றாம் தந்தி அடிக்கடி அறும். உடனே பதினொன்றைக் கழற்றிப் பன்னிரண்டைப் போடுவது பலர் செய்யும் வேலை. அதனால் பயன் இல்லை. ஒரே நீளத்தில் ஒரே சுருதிக்கு முறுக்கிய சுற்றில்லா உருக்குத் தந்திகள் எல்லாவற்றிலும், அவை மெல்லியதோ தடித்ததோ, சதுர மில்லிமீற்றர் ஒன்றுக்கு விழும் இழுவை ஒன்றேதான். தடிமன் கூடினால் தந்தியின் பாரமும் அதே அளவில் கூடும். அதை அதே சுருதியில் நிறுத்த அதே அளவு கூடுதலாக இழுக்க வேண்டும். கூடிய பலமும் கூடிய இழுவையும் ஒன்றையொன்று தின்றுவிடும். மெல்லிய கம்பியைப் பலமுறை அச்சில் இழுத்துச் செய்வதால் சதுர மில்லிமீற்றருக்கு அதன் பலம் கொஞ்சம் அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பன்னிரண்டு ஒரு மயிரிழை பின்னேதான் நிற்கும்.

கணக்கைப் பார்க்கலாம். கருவியின் தந்தி நீளம் ஏறக்குறைய 24 அங்குலம். மூன்றாம் தந்தி ஜி ஷார்ப்பில் நிற்க ஏறக்குறைய 12½ கிலோ இழுவை வேண்டும். பன்னிரண்டு போட்டால் அது 15 கிலோவாகும். இரண்டாம் பெடலை மிதித்து ஏ சுருதிக்கு ஏற்றும்போது தந்தி தன் அறும் எல்லையில் பத்துக்கு எட்டுப் பங்கைத் தாண்டிவிடும். மீதம் இருப்பது சொற்பம். அதையும் தின்பது, பாலத்தில் தந்தி வளைந்து தழுவும் உலோக விரலின் முனை. பெடலை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் தந்தி அதே இடத்தில் வளைந்து நிமிரும். அறுந்த தந்திகளை எடுத்துப் பார்த்தால் முறிவு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருக்கும். தடிமனைக் கூட்டுவதைவிட விரலின் முனையைத் துடைத்து மழமழப்பாக வைப்பதே மருந்து.

அப்படியானால் தடிமன் எதற்கு? இழுவையைச் சமப்படுத்த. மேலே சொன்ன தொகுதியில் வெறுந் தந்திகள் ஒவ்வொன்றும் பத்துக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட கிலோவில் நிற்கும்; பத்தும் சேர்ந்து 120 கிலோவை ஒட்டி வரும். ஒரு தந்தி தளர்ந்தும் பக்கத்துத் தந்தி விறைத்தும் இருந்தால் உருக்குத் தண்டின் பாரம் தளர்ந்ததை அமுக்கி அபசுரமாக்கும். நாதத்தின் கனமும் தடிமனோடு மாறும்.

ஆறாம் தந்தியின் வழக்கு

வாசிப்போர் இடையே தீராத வாதம் ஆறாம் தந்தியைப் பற்றியது. 20 வெறுந் தந்தியா, 22 சுற்றுத் தந்தியா? இரண்டாம் பெடல் மூன்றாவதையும் ஆறாவதையும் ஒன்றாக அரைச் சுருதி ஏற்றுகிறது. இரண்டும் ஜி ஷார்ப். ஒன்று மேல் ஸ்தாயி, மற்றது கீழ். ஒரு ஸ்தாயி கீழே போனால் அதே ஏற்றத்துக்குத் தந்தி நீள வேண்டிய அளவு நாலில் ஒன்றாகிவிடும். மூன்றாவது ஏறக்குறைய முக்கால் மில்லிமீற்றர் நீள, ஆறாவதுக்கு அதில் கால்வாசியே போதும். ஒரே மிதிக்குள் இந்த இரண்டையும் ஒட்டவைப்பது கருவி பூட்டுபவரின் தலைவலி.

சுற்றுத் தந்தியில் இழுவையைத் தாங்குவது உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி மட்டுமே. மேலே சுற்றியது வெறும் சுமை. அதனால் அது கிட்டத்தட்ட இருமடங்கு நீள வேண்டியிருக்கும். ஏற்றத்தில் அது நல்லதுதான். மூன்றாவதோடு இணங்கிப் போகும், சுருதியும் உறுதியாக நிற்கும். ஆனால் ஆறாவதை ஒரு முழுச் சுருதி இறக்கும் நெம்பு வைத்திருப்பவருக்கு அந்த நீளம் கிடைக்காமல் போகலாம். அந்த நெம்பு இருந்தால் 20 வெறுந் தந்தி, இல்லாவிட்டால் 22 சுற்றுத் தந்தி என்று முடிவெடுப்பதே புத்தி.

தடிமனை மாற்றும்போது தலைப்பக்கச் சில்லுகளையும் பார்க்க வேண்டும். பல கருவிகளில் ஒவ்வொரு சில்லின் பள்ளமும் அந்தந்தத் தந்தியின் தடிமனுக்கு ஏற்ப வெட்டப்பட்டிருக்கும். பத்துத் தந்திகளின் முதுகும் ஒரே மட்டத்தில் நின்றால்தான் தண்டு எல்லாவற்றையும் தொடும். 22க்கு வெட்டிய பள்ளத்தில் 20 இறங்கினால், முதல் சில கட்டங்களில் ஒரு இரைச்சல் கேட்கும். தண்டை அழுத்தினாலும் அது போகாது.

கடற்கரையில்

மன்னார் தீவின் தாராபுரம், எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களில் உப்புக் காற்றுக்குத் தப்பும் இரும்பு இல்லை. வெறுந் தந்திகள் வெள்ளீயப் பூச்சுள்ள கார்பன் உருக்கு. பூச்சு தேய்ந்த இடத்தில் துரு ஒரு சிறு குழியைத் தோண்டினால் போதும். எல்லையை ஒட்டி நிற்கும் மூன்றாம் தந்தி அங்கே அறும். 38 அளவுத் தந்திக்கு அந்தக் குழி ஒரு பொருட்டே அல்ல. சுற்றுத் தந்திகளில் துருப்பிடிக்கா உருக்குச் சுற்று நிக்கல் சுற்றைவிட நீண்ட நாள் தாங்கும், தண்டின்கீழ் ஒலி சற்றுக் கூர்மையாக இருக்கும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு தந்தியையும் அடியோடு சேர்த்துத் துடைப்பது இங்கே ஆடம்பரம் இல்லை.

பெடல் ஸ்டீலுக்கென்று தனித் தொகுதி கிடைக்காத இடத்தில், சாதாரண மின் கிற்றார்த் தொகுதிகளிலிருந்து பொறுக்கலாம். 10 முதல் 46 வரையுள்ள தொகுதியில் 13, 17, 26, 36 இருக்கின்றன. அவை முதலாவது, ஐந்தாவது, ஏழாவது, ஒன்பதாவது. 11 முதல் 49 வரையுள்ளதில் 11, 14, 38. அவை மூன்றாவது, நான்காவது, பத்தாவது. 9 முதல் 42 வரையுள்ளதில் எட்டாவதுக்கு 32உம் இன்னொரு பதினொன்றும் உண்டு. மிஞ்சுவன 15உம் 20உம் மட்டும். வெண்கலம் சுற்றிய தந்திகளைத் தவிர்க்க வேண்டும். காந்த ஒலிவாங்கிக்கு அவற்றின் ஒலி சரியாக எட்டாது.

கொழும்புக்கோ சென்னைக்கோ போகும் ஒருவரிடம் சொல்லி வாங்குவதானால், ஒரு முழுத் தொகுதியோடு பதினொன்றில் ஆறேழு தனித் தந்திகளும் சேர்த்துச் சொல்லி விடுங்கள். முதலில் தீர்வது அதுதான்.